அடுத்த புள்ளி இல்லாத ஆட்டம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. கேட்டவன் நான். பதில் சொல்ல வேண்டியவர்கள் சாண்ட்விச் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் சார்ட்டர்ஸ் டவர்ஸில் எங்கள் டென்னிஸ் சங்கம் சனிக்கிழமை மதியம் கூடும். அன்று ஒரு பந்து கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று வழக்கமான சண்டை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஷெரில், அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் கத்த மாட்டார்கள் என்றாள். நடுவர் தப்பாக உங்களுக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டால், அடுத்த புள்ளியை நீங்களே வேண்டுமென்று விட்டுவிடுவீர்கள். கணக்கு நேராகிவிடும். நடுவருக்கும் அவமானமில்லை.

"அந்தத் தப்பு கடைசி பாயிண்ட்ல நடந்தா?" என்றேன்.

"எந்தக் கடைசி?"

"ஆட்டத்தோட கடைசி. அதுக்கப்புறம் அடுத்த பாயிண்ட்டே இல்லியே. எதை விட்டுக்கொடுக்குறது?"

ஷெரில் சாண்ட்விச் தட்டை என் பக்கம் தள்ளினாள். "உனக்கு முட்டை வெச்சதா, வெள்ளரிக்கா வெச்சதா?"

இந்த ஊரில் முப்பது வருடமாக இருக்கிறேன். பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு இங்கே இதுதான் அடையாளம். ஆனால் எனக்கு ஒரு இயந்திரத்தில் பல்சக்கரம் ஒன்று குறைகிறது என்று தெரிந்துவிட்டால் தூக்கம் வராது. அந்த வழக்கம் அழகான இயந்திரம்; கடைசிப் புள்ளியில் மட்டும் பல் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஆளை நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் தீர்ஸா பென்பெர்த்தியை உருவாக்கினேன். பழைய வெற்றியாளர் பட்டியல்களில் அவளைத் தேட வேண்டாம், கிடைக்க மாட்டாள்.

2

முதல் தொடக்கம்:

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் ஆண்டு, பொன் விளையும் வட குவீன்ஸ்லாந்து மண்ணில், விதியின் கரம் ஒரு டென்னிஸ் மட்டையை—"

விதிக்கு மட்டை பிடிக்கத் தெரியாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"தீர்ஸாவின் கண்களில் ஏதோ ஒரு—"

ஏதோ ஒன்று என்று எழுதுகிறவனுக்கு என்னவென்று தெரியவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது. தரையிலிருந்து தொடங்குகிறேன். தரை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் டென்னிஸ் தரையைக் கறையான் புற்றால் செய்வார்கள். காட்டில் ஆள் உயரத்துக்கு நிற்கும் புற்றுகளைக் கடப்பாரையால் பெயர்த்து, வண்டியில் கொண்டுவந்து, இடித்து, சலித்து, பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளையால் அழுத்தி வெயிலில் காயவிட வேண்டும். கறையான் ஒவ்வொரு மண் துகளையும் தன் எச்சிலால் பூசி ஒட்டியிருக்கிறது. இடித்தாலும் அந்தப் பசை போவதில்லை; ஈரம் பட்டதும் துகள்கள் மறுபடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. சிமெண்ட் போல இறுகும். பந்து எங்கே விழுந்தாலும் ஒரே மாதிரி எழும்பும்.

(இங்கே கறையானைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் இருந்தது. என் மனைவி படித்துவிட்டு, "பொண்ணு எங்க?" என்றாள். எடுத்துவிட்டேன்.)

பொண்ணு இங்கேதான். தீர்ஸாவின் அப்பா சாம் பென்பெர்த்தி, தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் நீராவி இயந்திரத்தை ஓட்டுகிறவர். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த மெத்தடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். அவர் வீட்டுக்குப் பின்னால் போட்ட புற்றுத் தரைக்குக் கோடு உண்டு, வலை உண்டு, வேலி கிடையாது. வேலி இருக்க வேண்டிய இடத்தில் ஊரின் வெள்ளாடுகள் நிற்கும்.

இதுதான் அவள் ஆட்டத்தின் ரகசியம். பந்து அந்தக் காலத்தில் கப்பலில் வர வேண்டும். மேலே ஃபிளானல் துணி தைத்திருக்கும். கோட்டைத் தாண்டிப் போன பந்தை ஆடு கவ்வும். துணியைத் தின்றுவிட்டு ரப்பரைத் துப்பும். தீர்ஸா தன் பன்னிரண்டாவது வயதுக்குள், கோட்டுக்கு அரை அடி உள்ளே எதையும் போடும் கலையைக் கற்றுக்கொண்டாள். கோட்டைத் தாண்டுவது அவளுக்குத் தவறு அல்ல, இழப்பு. எந்தப் பந்து கோட்டில் விழும், எது ஆட்டின் வாயில் விழும் என்பதைப் பந்து காற்றில் இருக்கும்போதே கண் சொல்லிவிடும். அந்தக் கண்ணை நினைவில் வையுங்கள். அது பிசகிய ஒரே தடவைதான் இந்தக் கதை.

3

இருபத்தோராம் வயதில் அவள் கடலோரக் கப்பலேறி பிரிஸ்பேனுக்குப் போனாள், மாநிலப் பெண்கள் கோப்பைக்கு ஆட. கல்யாணமாகாத பெண் தனியாகப் போகக் கூடாது என்பதால் துணைக்குப் போதகர் ட்ரெலோரும் அவர் மனைவியும். போகும் வழியெல்லாம் வாந்தி. போனதும் வெற்றி. பெண்கள் பலர் அப்போது இடுப்புக்குக் கீழிருந்து பந்தை மெதுவாகத் தள்ளி சர்வ் செய்வார்கள். தீர்ஸா தலைக்கு மேலிருந்து அறைந்தாள். பார்வையாளர் பகுதியில் ஒரு அம்மாள் குடையை விரித்துக்கொண்டார்.

கடைசி ஆட்டம் மூரியல் கார்மைக்கலுடன். அப்போதைய சாம்பியன். டாக்டர் மகள். ஆற்றங்கரையில் வீடு, வீட்டிலேயே புல்தரை.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும், இது இல்லாமல் கதை நகராது. அந்தக் காலத்தில் போன வருடச் சாம்பியன் போட்டியில் ஆட மாட்டார். மற்றவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் வீழ்த்தி, மிஞ்சுகிற ஒருவர் வந்து சாம்பியனைச் சந்திப்பார். பட்டத்தைக் காக்க வருடத்துக்கு ஒரே ஆட்டம். வாரம் முழுக்கச் சாம்பியன் தொப்பியும் கையுறையுமாக உட்கார்ந்து கேக் தின்னலாம். மூன்று வருடம் தொடர்ந்து வென்றால் கோப்பை நிரந்தரமாகச் சொந்தம்.

மூரியலை நான் முதலில் வில்லியாக எழுதினேன். தோற்றதும் வலையருகே வந்து, "சுரங்கத்து ஜனங்களுக்கு மட்டை பிடிக்க யார் கத்துக்குடுத்தாங்க?" என்று மூக்கைச் சுழிப்பாள். எழுதி முடித்ததும் அவள் தீர்ஸாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இதை நான் சொல்ல மாட்டேன்."

"கதைக்கு ஒரு எதிரி வேணுமே, மிஸ் கார்மைக்கல்."

"தோத்தா நான் வலைக்கு நடந்து வந்து கை குடுப்பேன். நல்லா ஆடுனீங்கன்னு சொல்லுவேன். வீட்டுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டு அழுவேன். அதுக்கு மேல என் வாயில எதையும் வைக்காதீங்க."

சரி என்றேன். அதனால் இந்தக் கதையில் வில்லி கிடையாது. வந்த சிக்கல் எல்லாம் அதனால்தான்.

4

அடுத்த வருடம் மூரியல் எல்லோரையும் வீழ்த்திக்கொண்டு மறுபடி வந்தாள். மூன்றாவது செட். தீர்ஸாவின் சர்வ். அவளுக்கு இன்னும் ஒரு புள்ளி போதும்.

கோட்டு நடுவர்கள் அப்போது சம்பளக்காரர்கள் அல்ல. கூட்டத்தைப் பார்த்து, "கோட்டைப் பாத்துக்க யாராச்சும் வாங்களேன்" என்று கூப்பிடுவார்கள். அன்று மதியம் தீர்ஸாவின் பின்கோட்டுக்குப் போதகர் ட்ரெலோர் உட்கார்ந்திருந்தார், வறுத்த ஆட்டிறைச்சியும் கஸ்டர்டும் சாப்பிட்டுவிட்டு, வெயிலில்.

மூரியல் பந்தை உயரமாகத் தூக்கி அடித்தாள். தீர்ஸா அண்ணாந்து பார்த்தாள். வெளியே போகிறது என்றது கண். மட்டையைத் தாழ்த்தினாள். பந்து இறங்கியது. இறங்கி, கோட்டின் வெளி விளிம்பை—

(முதல் வரைவில் "சுண்ணாம்புத் தூள் சிறு புகையாக எழும்பியது" என்று இருந்தது. கோட்டுக்குச் சுண்ணாம்புப் பாலைப் பூசுவார்கள். காய்ந்ததும் புல் நுனியில் தூளாக நிற்கும். பந்து பட்டால் பறக்கும். தூள் பறந்தால் ஊரே பார்த்திருக்கும். ஆனால் வாரக் கடைசியில் பின்கோட்டைப் பெண்களின் காலணிகள் தேய்த்துத் தீர்த்திருக்கும், தூள் எழாது. இது உண்மையான காரணம், என் வசதிக்குச் சொன்னதல்ல. வசதியாகவும் இருக்கிறது.)

—தொட்டது. தீர்ஸா பார்த்தாள்.

"அவுட்!" என்றார் போதகர்.

உயர்ந்த நாற்காலியில் இருந்த நடுவர் ஆட்டம் முடிந்ததாக அறிவித்தார். கைதட்டல். தீர்ஸா நாற்காலியடிக்கு ஓடினாள்.

"ஐயா, அது உள்ள விழுந்துச்சு."

"கோட்டு நடுவர் சொன்னது சொன்னதுதாம்மா. நான் மாத்த முடியாது. நீங்களும் மாத்த முடியாது. கர்த்தரே இறங்கி வந்தாலும் விதிப்படி—" போதகர் பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

தீர்ஸா வலைக்குப் போனாள். மூரியல் ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்க பந்து உள்ளதான் விழுந்துச்சு, மிஸ் கார்மைக்கல்."

"அவுட். நான் பார்த்தேன்."

"அந்தக் கோடியிலேருந்தா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"உங்களுக்காகத்தாங்க சொல்றேன்!"

"எனக்கு வேணாம்னுதான் நானும் சொல்றேன். கையைக் குடுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

கவனியுங்கள்: தோற்றவள் தன் பந்து வெளியே என்கிறாள். வென்றவள் உள்ளே என்கிறாள். வேறெங்கும் இந்தச் சண்டை நேர்மாறாகத்தான் நடக்கும்.

பந்து உள்ளே என்றால் மூரியல் வென்றிருப்பாள் என்பதில்லை. டூஸ் ஆகியிருக்கும், அவ்வளவுதான். இருவரும் சமம். இன்னும் ஆட வேண்டும். தீர்ஸாவே மறுபடி வென்றிருக்கலாம். தோற்றுமிருக்கலாம். கோப்பையைக் கையில் வாங்கியபோது அவளுக்குத் தெரியாமல் போனது அதுதான்: தான் உண்மையில் சாம்பியனா?

5

ஊருக்கு அந்தச் சந்தேகம் இல்லை. மூன்றாம் வெற்றிக்கு முன்பே நூலகக் கூடத்தில் கோப்பைக்குக் கண்ணாடி அலமாரி செய்துவிட்டார்கள்.

"பந்து உள்ள விழுந்துச்சுப்பா," என்று தீர்ஸா இரவுச் சாப்பாட்டில் பத்தாவது தடவையாகச் சொன்னாள்.

"விழட்டும் புள்ள. போதகர் அவுட்டுன்னாரா இல்லியா? அப்போ வேதத்துல எழுதுன மாதிரி."

"நான் அவங்களுக்கு ஒரு பாயிண்ட் தரணும்."

"தா. யாரு வேணாம்னா? அடுத்த வருஷம் மொத பாயிண்ட்டைக் குடு. மீதி எல்லாத்தையும் நீ எடு. இந்தா, அந்த உருளைக்கெழங்கை இங்கிட்டுத் தள்ளு."

அதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. புள்ளியை விட்டுக்கொடுப்பது ஒரு கலை. பந்தை ஆகாயத்துக்கு அடித்தால் அது தானம், எதிராளிக்கு அவமானம். மிகவும் இயல்பாகத் தவறவிட்டால் நீங்கள் கொடுத்தீர்கள் என்பதே யாருக்கும் தெரியாது, கொடுத்ததாக ஆகாது. எதிராளிக்கு மட்டும் புரிந்து, கூட்டத்துக்குப் புரியாத அளவு மட்டமாக அடிக்க வேண்டும். நல்ல அடியைவிட இது கடினம்.

தீர்ஸாவுக்கு வெளியே அடிக்கவே வராது. பயிற்சி செய்தாள். முயன்று முயன்று அடித்தாலும் கை கடைசி நொடியில் பந்தை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு மாதம் கழித்து முதல் பந்து கோட்டைத் தாண்டியது. அதற்குள் வேலியோரத்து ஆடுகளுக்குச் செய்தி போயிருந்தது.

"ஏம்மா தீர்ஸா," என்று கறிக்கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கத்தினார், "சாம்பியனுக்கு என்னாச்சு? ஆட்டுக்கு விருந்தா?"

"தோக்கப் பழகுறேங்க!"

"அதுக்கு எதுக்குப் பயிற்சி? எங்க சங்கத்துல வந்து சேரு, தானா வந்துரும்!"

6

அடுத்த ஆகஸ்டில் மறுபடி கப்பல். போதகர் மேல்தளத்தில் நாற்காலியில் சாய்ந்து, தொடுவானத்தை நோக்கியபடி இருந்தார். திருமதி ட்ரெலோர் பின்னிக்கொண்டிருந்தார். தீர்ஸா நேராகக் கேட்டுவிட்டாள்.

"ஐயா, போன வருஷம் அந்தப் பந்தை நல்லாப் பார்த்தீங்களா?"

அவர் கண் தொடுவானத்தைவிட்டு அசையவில்லை.

"அவரு தூங்குறாரு கண்ணு," என்றார் திருமதி ட்ரெலோர்.

"கண்ணு திறந்திருக்கே."

"அப்படித்தான் தூங்குவாரு. கல்யாணமான புதுசுல நானும் பயந்துட்டேன். மாநாட்டுல எல்லாம் முன்வரிசையில உக்கார வெப்பாங்க, எவ்வளவு கவனமாக் கேக்குறாரு பாருன்னு." ஊசியைத் திருப்பினார். "அன்னிக்கும் இதே மூஞ்சிதான்."

தீர்ஸா கிட்ட நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்புறம் எப்படி அவுட்டுன்னாரு?"

"பந்து 'தொப்'புன்னு விழுந்துச்சா, முழிச்சுட்டாரு. முழிச்சவுடனே ஏதாச்சும் சொல்லணும்ல? வீட்டுலயும் அப்படித்தான். தட்டு உடைஞ்சா 'ஆமென்' பாரு. ஏங்க! ஏங்க, இவ கேக்குறா!"

போதகர் விழித்தார். கேள்வி மறுபடி கேட்கப்பட்டது. முகம் சிவந்தது. விழிப்பாயிருத்தல் பற்றி அவர் வருடத்துக்கு நாலு பிரசங்கம் செய்கிறவர்.

"மகளே, நான்… ஒரு சத்தியமான உணர்வோடதான் சொன்னேன்."

"பார்த்தீங்களா ஐயா?"

"உணர்ந்தேன்," என்றார், மிகச் சிறிய குரலில்.

(போதகரை நான் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோட்டு நடுவராக நானும் இருந்திருக்கிறேன். ஒரு கோட்டையே இரண்டு மணி நேரம் பார்த்துப் பாருங்கள்.)

7

அந்த வாரம் தீர்ஸா கேக் தின்னவில்லை. மூரியல் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய் உட்கார்ந்தாள். யோசியுங்கள்: மூரியல் வழியில் தோற்றுவிட்டால், தீர்ஸா வேறு யாரையோ சந்திப்பாள்; தர வேண்டிய புள்ளி இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகும். சாம்பியன், தன்னை வீழ்த்தக்கூடிய ஒரே ஆளுக்காக வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரையிறுதியில் மூரியல் தடுமாறியபோது எழுந்து நின்று, "பின்னாடி போங்க! பின்னாடி!" என்று கத்தினாள். பெண்கள் அப்படிக் கத்த மாட்டார்கள். மூரியல் பின்னால் போனாள், பந்தை எடுத்தாள், வென்றாள், நேராகத் தேநீர்க் கூடாரத்துக்குள் தீர்ஸாவைத் தேடி வந்தாள்.

"எனக்குப் பயிற்சி குடுக்க உங்களை யாரு கூப்பிட்டது?"

"நீங்க தோத்துருவீங்களோன்னு பயந்துட்டேன்."

"உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"உங்களுக்கு ஒரு பாயிண்ட் தர வேண்டியிருக்கு. போதகர் தூங்கிட்டிருந்தாராம்."

மூரியல் தன் கோப்பையில் பாலை ஊற்றினாள். நிறைய ஊற்றினாள். "மிஸ் பென்பெர்த்தி, எனக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

"தருவேன்."

"தந்தீங்கன்னா திருப்பித் தருவேன்."

"அதையும் திருப்பித் தருவேன்."

"பாக்கலாம்," என்றாள் மூரியல். "ஸ்கோன் பன் எடுத்துக்குங்க."

8

இப்போது நான் மிகவும் ஆவலோடு காத்திருந்த இடம்.

முதல் கேம். தீர்ஸாவின் சர்வ். முதல் பந்தை வலையில் அடித்தாள். இரண்டாவதையும் வலையில் அடித்தாள். இரண்டும் தவறினால் புள்ளி மூரியலுக்கு. கூட்டம் "ஐயோ பாவம், பதற்றம்" என்றது. தீர்ஸாவின் தோள்கள் ஒரு வருடத்துக்குப் பிறகு இறங்கின.

அடுத்த சர்வ் நன்றாகப் போனது. மூரியல் அதை நிதானமாக, புன்னகையோடு, வலையில் தட்டிவிட்டாள்.

தீர்ஸாவின் தோள்கள் மறுபடி ஏறின. மறுபடி இரண்டு பந்தும் வலையில். மூரியல் மறுபடி தட்டிவிட்டாள். தீர்ஸா. மூரியல். டூஸ்.

டூஸ் என்ன செய்கிறது என்று பாருங்கள். இருவரும் மூன்று மூன்று புள்ளி எடுத்து, டென்னிஸ் கணக்கில் நாற்பதில் சமமானால், ஒருவர் இரண்டு புள்ளி முந்தினால்தான் கேம் முடியும். தீர்ஸா ஒன்றைக் கொடுக்கிறாள்: மூரியல் ஒரு புள்ளி முன்னே. மூரியல் திருப்பிக் கொடுக்கிறாள்: சமம். தீர்ஸா கொடுக்கிறாள். மூரியல் திருப்பிக் கொடுக்கிறாள். இரண்டு புள்ளி இடைவெளி எந்தக் காலத்திலும் வராது. பேராசைக்காரர்கள் இருவர் ஆடினால் எப்படியும் முடிந்துவிடுகிற ஒரு விளையாட்டு, இரண்டு நேர்மையானவர்கள் கையில் நிரந்தர இயந்திரமாகிவிடுகிறது. எனக்குப் புல்லரித்தது.

"டூஸ்," என்றார் நடுவர்.

"மூரியலுக்கு முன்னிலை."

"டூஸ்."

"மூரியலுக்கு—"

(எத்தனை தடவை என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். நீங்கள் இந்த வரியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். கதையை முடிக்க வேண்டியவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது. புல்லரிப்பு நின்றது.)

"யாராச்சும் ஒருத்தி ஜெயிங்கம்மா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "டீ ஆறுது!"

நடுவர் நாற்காலியிலிருந்து ஏணிப்படியில் பாதி இறங்கினார். "என்ன நடக்குது இங்க?"

"டென்னிஸ்," என்றாள் மூரியல்.

"விதியில இதுக்குத் தடை இருக்கா?" என்றாள் தீர்ஸா.

நடுவர் யோசித்தார். இல்லை. மறுபடி மேலே ஏறினார். பாவம்.

9

அவர்களை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. மழை பெய்யவைக்கலாமா என்று பார்த்தேன். இருவரில் ஒருவருக்குக் காலைச் சுளுக்கவைக்கலாமா என்றும் பார்த்தேன். கடைசியில் அவர்களே நின்றார்கள். இன்னொரு டூஸுக்குப் பிறகு தீர்ஸா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வலைக்கு நடந்து வந்தாள். மூரியலும் வந்தாள்.

"எனக்குக் கை வலிக்குது," என்றாள் தீர்ஸா.

"எனக்குச் சிரிச்சு சிரிச்சுத் தாடை வலிக்குது. நீங்க நிறுத்துங்க."

"நீங்க வாங்கிக்குங்க."

"மாட்டேன்."

"உண்மையைச் சொல்லுங்க. போன வருஷம் அது அவுட்டுன்னு நிஜமாவே பார்த்தீங்களா?"

மூரியல் மட்டையின் நரம்புகளை விரலால் நேராக்கினாள். அவை நேராகத்தான் இருந்தன.

"வெயில் என் கண்ணுல. ஒண்ணுமே தெரியல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உள்ளன்னா டூஸ். டூஸுன்னா மறுபடி ஆடணும். மறுபடியும் நீ என்னை அடிச்சுட்டா?" நீங்க போய் நீ வந்துவிட்டது, இருவருமே கவனிக்கவில்லை. "அவுட்டுன்னு விட்டுட்டா, நான் முழுசாத் தோக்கலை பாரு. பாதி அந்தப் போதகர் தோக்கடிச்சாருன்னு வெச்சுக்கலாம். வருஷம் முழுக்க அதை வெச்சுத்தான் தூங்குனேன்."

"நானும் முழுசா ஜெயிக்கல. பாதி அவரு ஜெயிச்சாரு."

"அப்போ கோப்பையை அவருக்குத்தான் குடுக்கணும்."

"முழிச்சிருந்தா வாங்கிப்பாரு."

இருவரும் வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தீர்ஸா சொன்னாள், மெதுவாக: "போன வருஷம் உன்னை ஜெயிச்சிருப்பேனான்னு எனக்குத் தெரியணும் மூரியல். ஒரு வருஷமாத் தெரியாம இருக்கேன். பரிசு வாங்குன ராத்திரிகூடத் தெரியல."

"தோத்தா தாங்குவியா?"

"தெரியாம இருக்கிறதைவிடத் தாங்குவேன்."

மூரியல் நடுவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஸ்கோர் என்னங்க?"

"டூஸ்," என்றார் அவர், வெறுப்போடு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டூஸ். தீர்ஸாவின் சர்வ். போன வருடம் அந்தப் பந்து உள்ளே என்று யாராவது சொல்லியிருந்தால், இருவரும் நின்றிருக்க வேண்டிய இடம். நான் திட்டமிடவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அந்த இயந்திரமே அவர்களைச் சுற்றிச் சுற்றி அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

"இதுலேருந்து," என்றாள் மூரியல். "போன வருஷத்துக்கு இந்தக் கேம். இந்த வருஷத்துக்கு மீதி."

"விட்டுக்கொடுத்தே, கொன்னுருவேன்."

"போடி. முதல்ல பந்தை வலைக்கு மேல அடி."

10

முடிவுகள்.

அ) தீர்ஸா வெல்கிறாள். எழுதினேன். ஊரில் வாணவேடிக்கை, கண்ணாடி அலமாரி. திரும்பப் படித்தபோது, முக்கியமான பந்தில் மூரியலின் கால் புல்லில் வழுக்குகிறது என்று எழுதியிருந்தேன். வழுக்கவைத்தது யார்? நான். கிழித்தேன்.

ஆ) மூரியல் வெல்கிறாள். நியாயமாக இருந்தது, வருத்தமாகவும் இருந்தது, எழுத்தாளனுக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் தீர்ஸாவின் பந்தை ஒரு விரல் அளவு கோட்டுக்கு வெளியே போட்டிருந்தேன். அவளுக்குப் பதிலாக அவள் கடனை நான் தீர்த்துவைக்கிறேன். அவள் கேட்டாளா?

இ) இருட்டிவிடுகிறது. ஆட்டம் நாளைக்கு. இது கோழைத்தனம் என்று என் மனைவிகூடச் சொல்லிவிட்டாள்.

எப்படி எழுதினாலும் யாரோ ஒருத்திக்கு ஒரு புள்ளியை நான் விட்டுக்கொடுத்தவனாகிறேன். இந்த இரண்டு பெண்களும் விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஒரு மதியம் முழுக்க அதைத்தானே எனக்குக் காட்டினார்கள். இனி இவர்களுக்கு நான் எதைத் தந்தாலும் வலைக்குள் தட்டிவிடுவார்கள்.

ஆகவே நான் விலகிக்கொள்கிறேன். நீங்கள் பாருங்கள். தீர்ஸாவின் மேல் இரக்கப்பட்டோ, மூரியலுக்கு நியாயம் செய்ய நினைத்தோ பந்தைத் திருப்பாதீர்கள். வெறுமனே பாருங்கள், அது போதும்.

தீர்ஸா பந்தை மேலே போடுகிறாள். தலைக்கு மேலிருந்து முழு வீச்சில் அறைகிறாள். அன்றைய மதியத்தின் முதல் உண்மையான சர்வ். கூடாரத்தில் கோப்பைகள் உதட்டருகே நிற்கின்றன. மூரியல் பாய்ந்து எடுத்துவிடுகிறாள், அதுவும் மூலைக்கு. தீர்ஸா பாவாடையை ஒரு கையால் அள்ளிக்கொண்டு ஓடுகிறாள். எடுக்கிறாள். மறுபடி எதிர் மூலைக்கு. மறுபடி ஓட்டம். கூட்டம் எழுந்து நிற்கிறது. முன்னால் நிற்கிறவரின் தொப்பி எனக்கு மறைக்கிறது. மட்டையில் பந்து படும் சத்தம் மட்டும் கேட்கிறது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். பிறகு அந்தச் சத்தம் நிற்கிறது.

"யம்மாடி! என்னா அடி அதுடி!" என்று ஒருத்தி மூச்சிரைக்க, சிரிப்பு தாங்காமல், வலைக்கு மேலாக மற்றவளைப் பார்த்துக் கத்துகிறாள்.

குரலை வைத்து, புள்ளியை எடுத்தவள் அவளா, இழந்தவள் அவளா என்று சொல்லவே முடியவில்லை.